நூறு வயது வேதியியலாளரும் நதாரின் கேமராவும்: ஷெவ்ரல் படங்கள் பற்றிப் பேசலாம்

வெள்ளிஉப்பு (இழையைத் தொடங்கியவர்)

பழைய உருவப்படங்களைப் பற்றி இங்கே நிறையப் பேசியாயிற்று. மிஷெல் யூஜேன் ஷெவ்ரலின் 1886 படங்களுக்கு மட்டும் இன்னும் ஓர் இழை இல்லை. ஒரு வேதியியலாளரைக் கேமரா பிடித்ததில் இவற்றை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒப்பாதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

முதலில் ஆள் யார் என்று. 1786 ஆகஸ்ட் 31 அன்று பிரான்சின் ஆன்ஜேர் நகரில் பிறந்தவர், அதாவது பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று வருடம் முன்னால். கொழுப்புக்குள் என்ன இருக்கிறது, அது சோப்பாகும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் பிரித்துக் காட்டியவர். 1889 ஏப்ரல் 9 அன்று பாரிஸில், 102 வயதில் இறந்தார். 1839-இல் டாகேரின் புகைப்பட முறை பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அறிவிக்கப்பட்டபோது இவர் அந்தக் கழகத்தின் உறுப்பினர், ஐம்பதைத் தாண்டியவர். புகைப்படம் என்ற ஒன்றே இல்லாத உலகில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர்.

1886 ஆகஸ்டில், நூறு நிறையும் தறுவாயில், பாரிஸின் பேர்பெற்ற புகைப்படக்காரர் ஃபெலிக்ஸ் நதார் அவரோடு உட்கார்ந்து பேசினார். நதாருக்கு அப்போது 66 வயது. மகன் போல் நதார் கேமராவைப் பார்த்துக்கொண்டார். பேச்சை ஒரு சுருக்கெழுத்தர் எழுதிக்கொண்டார். செப்டம்பர் 5 அன்று ‘லெ ஜூர்னால் இல்யூஸ்த்ரே’ என்ற வார இதழில், ‘நூறாண்டு வாழும் கலை’ என்ற பொருள்படும் தலைப்போடு படங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் கீழும் அவர் பேச்சிலிருந்து ஒரு துண்டு. உலகின் முதல் புகைப்படப் பேட்டி என்று வரலாற்று நூல்கள் இதைத்தான் சொல்கின்றன.

வேதியியலாளரைப் படம் எடுப்பதென்றால் கையில் ஒரு குடுவை, பின்னால் புட்டிகள் அடுக்கிய அலமாரி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஃபாரடே தன் கண்ணாடிக் கட்டையைக் கையில் பிடித்திருக்கும் படம் நமக்கெல்லாம் தெரியும். ஓவியத்திலும் அதே கதைதான்: 1885-இல் எடல்ஃபெல்ட் வரைந்த பாஸ்டர், கண்ணாடிப் புட்டியை உயர்த்திப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஷெவ்ரல் படங்களில் அப்படி ஆய்வகச் சாமான் எதுவும் இல்லை. கலைந்த வெள்ளை முடியும் கறுப்புக் கோட்டுமாக ஒரு கிழவர், எதிரே நதார். கிழவர் பேசுகிறார். ஒரு படத்தில் விரல் மேலே போகிறது, இன்னொன்றில் உள்ளங்கை விரிகிறது, வேறொன்றில் உடம்பே மேசைப் பக்கம் சாய்கிறது. ஒரு கருத்தை அடுத்தவருக்குப் புரியவைத்தே தீரவேண்டும் என்ற தவிப்பு அந்தக் கைகளில் இருக்கிறது. விஞ்ஞானியின் வேலை என்று நான் நினைப்பது அதைத்தான். குடுவையை யார் கையில் வேண்டுமானாலும் கொடுத்துப் படம் எடுக்கலாம்.

இருட்டறை

அருமையான இழை. இது ஏன் 1886-இல் நடந்தது, ஏன் 1860-இல் நடக்கவில்லை என்ற கேள்விக்கு இருட்டறைப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நதார் பெயர் வாங்கியதெல்லாம் ஈரக் கொலோடியன் காலத்தில். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலை ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடவிட்டு, வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, அதே ஈரத்தோடு உருத்துலக்க வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். ஸ்டூடியோ வெளிச்சத்தில் சில வினாடிகளாவது அசையாமல் இருந்தாக வேண்டும் என்பதால், தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைப்பதும் உண்டு. அந்தக் காலத்து முகங்களெல்லாம் இறுகிப்போய் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். எதிரே ஒருவர் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது இந்த முறையில் படம் எடுக்க வழியே இல்லை.

1871-இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு மேடக்ஸ் வெள்ளி புரோமைடை ஜெலட்டினில் கலக்கும் முறையை வெளியிட்டார். 1878-இல் சார்லஸ் பென்னெட் அந்தக் கலவையை வெதுவெதுப்பாகவே வைத்திருந்து பக்குவப்படுத்தினால் அதன் வேகம் பல மடங்கு கூடுகிறது என்று காட்டினார். அதன் பிறகு தகடுகள் தொழிற்சாலையில் தயாராகிப் பெட்டியில் வந்தன. உலர்ந்த தகடு, வினாடியில் சிறு பங்கு நேரம் போதும், உருத்துலக்குவதைச் சாவகாசமாகப் பிறகு வைத்துக்கொள்ளலாம். போல் நதாரால் பேச்சைத் தடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்க முடிந்தது அதனால்தான். கையை உயர்த்திய கணம் உயர்த்தியபடியே விழுந்திருக்கிறது.

கொழுப்பமிலம்

கல்லூரியில் கரிம வேதியியல் நடத்துகிறவன் என்ற முறையில் ஓர் ஆட்சேபம். படங்கள் அழகுதான். ஆனால் பெயரை மறைத்துவிட்டுக் காட்டினால் இவர் ஓய்வுபெற்ற நீதிபதி என்றும் சொல்லலாம், கவிஞர் என்றும் சொல்லலாம். வேதியியலாளர் என்று எது சொல்கிறது? ஃபாரடே கையிலிருக்கும் அந்தக் கண்ணாடி, ஒளிமீது காந்தம் செலுத்தும் விளைவை 1845-இல் அவர் கண்டுபிடித்ததன் சாட்சி. அது அலங்காரம் இல்லை.

ஷெவ்ரலின் கை உண்மையில் என்ன செய்தது என்று சொன்னால் என் வருத்தம் புரியும். 1811-இல் அவருடைய ஆசான் வோக்லான், பன்றிக் கொழுப்பில் செய்த பொட்டாசியம் சோப்பு ஒன்றைப் பரிசோதிக்கச் சொன்னார். இவர் அதை நிறையத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். அடியில் முத்துப்போல மினுமினுக்கும் ஒரு பொருள் படிந்தது. அதை வடித்து, அமிலம் சேர்த்ததும் கொழுப்புப்போல ஒன்று பிரிந்து வந்தது. கொழுப்புபோல, ஆனால் கொழுப்பு இல்லை. அது ஓர் அமிலம். அன்றுவரை சோப்பு என்றால் கொழுப்பும் காரமும் அப்படியே ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தார்கள். காரம் கொழுப்பை உடைக்கிறது, கொழுப்பமிலம் காரத்தோடு சேர்ந்து உப்பாகிறது, கிளிசரின் தனியே நிற்கிறது என்று இவர் காட்டினார். ஸ்டியரிக், ஒலியிக், பியூட்டிரிக் அமிலங்களெல்லாம் இப்படித்தான் வந்தன. 1823-இல் எல்லாவற்றையும் நூலாக்கினார். பித்தப்பைக் கல்லிலிருந்து கிடைத்த கொழுப்புப் பொருளுக்கு 1816-இல் கொலஸ்டெரின் என்று பெயர் வைத்தவரும் இவரே. நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் இருப்பது திராட்சைச் சர்க்கரைதான் என்று 1815-இல் நிறுவியவரும் இவரே.

இத்தனை செய்த கையை வெறுங்கையாகக் காட்டினால் எனக்குக் குறையாகப் படுகிறது.

நாலாம்பக்கம்

பத்திரிகையில் பக்கம் போடுகிறவன் நான். என் சந்தேகம் வேறு இடத்தில். படத்துக்குக் கீழே இருக்கும் வாசகம் அந்தப் படம் எடுத்த நொடியில் சொன்னதுதானா?

சுருக்கெழுத்தர் பேச்சை எழுதுகிறார். கேமரா தன்பாட்டில் தகடு மாற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் கோக்கும் நூல் எதுவும் இல்லை. பேச்சு நடந்ததும் ஒரே அமர்வில் இல்லை. கடைசியில் ஒருவர் உட்கார்ந்து, இந்த முகபாவத்துக்கு இந்த வாக்கியம் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பக்கம் போடுகிற எல்லோரும் செய்வதுதான், தப்பென்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘அவர் இதைச் சொல்லும்போது கை இப்படி இருந்தது’ என்று நாம் நம்புவது நதாரை நம்புவது, கேமராவை நம்புவது அல்ல.

நதாருக்கும் இது தெரிந்திருக்கும். குரலையும் இயந்திரத்தில் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஃபோனோகிராஃப் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒலிக்கும் ஒரு டாகேரோடைப் (டாகேர் முறைப் படம்) வேண்டும் என்று எழுதியவர். இந்தப் பேட்டிக்கும் ஒலிப்பதிவு வேண்டும் என்று நினைத்தார், கைகூடவில்லை. சுருக்கெழுத்தர் வந்தது அதற்குப் பதிலாகத்தான்.

வெள்ளிஉப்பு

@நாலாம்பக்கம்: படமும் வாசகமும் ஒரே நொடியைச் சேர்ந்தவை என்று நான் வாதாடவில்லை. வாசகங்களை மறைத்துவிட்டே பாருங்கள், படங்கள் நிற்கும். 1886-இல் கையைத் தூக்கி வைத்துக் காட்டச் சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு அதே காலத்து நாடக நடிகர்களின் படங்கள் ஏராளம். அவற்றில் கை நிற்கும் இடம் அழகாக, முடிவாக இருக்கும். ஷெவ்ரலின் கைகள் பாதி வழியில் இருக்கின்றன. ஒரு படத்தில் உள்ளங்கை முழுக்கத் திரும்பவில்லை. யாரும் அப்படிப் போஸ் கொடுக்க மாட்டார்கள்.

@கொழுப்பமிலம் ஐயா: நீங்கள் சொன்ன முத்துப்படிவுக் கதையை நான் இவ்வளவு விரிவாக அறிந்ததில்லை, நன்றி. ஆனால் வேதியியல் அந்தப் படங்களில் இல்லை என்பதை ஒப்ப முடியவில்லை. ஷெவ்ரலின் ஊசல் சோதனையை நினைத்துப் பாருங்கள். நூலில் கட்டிய இரும்பு வளையத்தைப் பாதரசத்துக்கு மேலே பிடித்தால் அது தானாக ஆடும் என்று பலர் நம்பினார்கள். இவர் பிடித்தபோதும் ஆடியது! அதோடு விடவில்லை. கைக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தார். தோளிலிருந்து விரலை நோக்கி முட்டு நகர நகர ஆட்டம் குறைந்து, விரலருகே வந்ததும் நின்றுபோனது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரியாமல் வளையத்துக்கும் பாதரசத்துக்கும் நடுவே கண்ணாடித் தகட்டை நுழைக்கச் சொன்னார். தகடு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்று ஆயிற்று. ஆடும் என்ற எண்ணமே தசையை மெல்ல அசைக்கிறது என்ற முடிவுக்கு வந்து, 1833-இல் இயற்பியலாளர் ஆம்பியருக்குப் பகிரங்கக் கடிதமாக எழுதினார்.

தன் கையையே சந்தேகித்த மனிதர் இவர். அந்தக் கையைத்தான் நதார் படம் எடுத்திருக்கிறார். எனக்கு இது போதும்.

மல்லிகைக்கொடி

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். நூறு வயதில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசும் தெம்பு இருந்ததா? தலைப்பே நூறாண்டு வாழும் கலை என்கிறீர்களே, அதற்கு ஏதாவது வழி சொன்னாரா?

வெள்ளிஉப்பு

இருந்தது அம்மா. 1864-லிருந்து 1879 வரை பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர். தொண்ணூறைத் தாண்டிய வயதில் அந்தப் பொறுப்பை விட்டாலும் பேராசிரியர் பதவியை விடவில்லை. தன்னை ‘பிரான்சின் மூத்த மாணவன்’ என்று சொல்லிக்கொள்வார். நூறாவது பிறந்தநாளுக்கு ஆஸ்கர் ரோட்டி செய்த பதக்கத்திலும் பிரெஞ்சு இளைஞர்கள் மாணவர்களில் மூத்தவருக்குத் தருவதாகத்தான் பொறித்திருக்கிறது. 1871 ஜனவரியில் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டுக் குண்டு வீசியபோது, அருங்காட்சியகத் தோட்டத்தின்மீது குண்டு விழுந்ததைக் கண்டித்து அறிக்கை எழுதியவர். அப்போதே வயது 84.

வழி என்று கேட்டால், மதுவைத் தொடாமல் தண்ணீரே குடித்து வாழ்ந்தவர். மற்றபடி அந்தப் பேட்டியில் ஆயுள் இரகசியத்தைவிட அறிவியல் பேச்சுத்தான் அதிகம். தலைப்பு வாசகர்களை இழுப்பதற்காக.

சாயப்பட்டறை

நூல் சாயத் தொழிலில் இருக்கிறேன். ஷெவ்ரல் பெயர் எங்களுக்கு வேறு வழியில் பழக்கம். யாரும் இன்னும் அதைத் தொடவில்லையே என்று எழுதுகிறேன்.

1824-இல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலைப் பட்டறைக்குச் சாயப் பிரிவின் இயக்குநராகப் போனார். அங்கே ஒரு புகார்: நீலம், ஊதாத் துணி மடிப்புகளின் நிழலுக்கு வைக்கும் கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை, சாயம் மட்டம். வேதியியலாளர் என்ன செய்வார்? சாயத்தைத்தானே சோதிப்பார். சோதித்தார். வேறு ஊர்களின் நல்ல கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டும் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. நூலைத் தனியே எடுத்துவைத்தால் நல்ல கறுப்பு, நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் செத்துப்போகிறது. நீலத்தின் எதிர்நிறமான ஆரஞ்சின் சாயலைக் கண்ணே கறுப்பின்மீது ஏற்றிவிடுகிறது. இதை 1839-இல் பெரிய நூலாக எழுதினார். ஓவியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு ஓவியர் சேராவின் புள்ளி ஓவியங்களுக்குப் பின்னால் இந்த விதி இருக்கிறது.

இன்றைக்கும் வாங்குகிறவர் ‘ஷேடு ஒத்துவரவில்லை’ என்று துணியைத் திருப்பி அனுப்பினால், நான் முதலில் கேட்பது எந்த நிறத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள் என்றுதான். மறுசாயம் போடாமலே தீர்ந்த தகராறுகள் உண்டு.

@வெள்ளிஉப்பு, நீங்கள் ஓவியங்களைப் பற்றியும் எழுதுவீர்கள் என்பதால் கேட்கிறேன். 1874-இல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி நடந்தது நதாரின் பழைய ஸ்டூடியோவில்தானே?

வெள்ளிஉப்பு

ஆமாம், கப்யூசின் பெருஞ்சாலையில் இருந்த பழைய ஸ்டூடியோ. நதார் அதற்குள் ஆன்ஜூ தெருவுக்கு மாறிவிட்டார். நிறத்தைப் பக்கத்து நிறத்தோடு சேர்த்துப் பார்க்கக் கற்ற ஓவியர்கள் முதலில் கூடிய கூரையும், அந்த விதியை எழுதியவரைப் படம் எடுத்த குடும்பமும் ஒன்றாக அமைந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இருட்டறை

நிறம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துச் சாதாரண ஜெலட்டின் தகடு நீலத்தையும் ஊதாவையும்தான் நன்றாகப் பார்க்கும். பச்சை மங்கலாகத் தெரியும், சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. சாயம் சேர்த்துப் பச்சை, மஞ்சளுக்கும் உணர்வூட்டலாம் என்று ஜெர்மன் வேதியியலாளர் ஃபோகல் 1873-இல் கண்டுபிடித்திருந்தாலும், அது பொதுப் புழக்கத்துக்கு வரக் காலம் பிடித்தது.

இதனால் முகத்துக்கு என்ன ஆகும்? தோலின் சிவப்பும் பழுப்புப் புள்ளிகளும் இருட்டாக விழும். சுருக்கத்தின் நிழல் ஆழமாகும். வெள்ளை முடி பளிச்சென்று எழும்பும். நூறு வயது முகத்தைச் செதுக்கியதுபோலக் காட்டியதில் தகட்டுக்கும் பங்கு உண்டு. நேரில் பார்த்தவர்களுக்கு ஷெவ்ரல் இன்னும் கொஞ்சம் மென்மையாகத் தெரிந்திருப்பார் என்றே நினைக்கிறேன். இன்றைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நீல ஃபில்டர் போட்டு ஒரு பெரியவரை எடுத்துப் பாருங்கள், இதே சாயல் வரும்.

நிறங்களின் உறவைப் பற்றி வாழ்நாளெல்லாம் உழைத்தவரின் முகத்தை நீலம் மட்டும் தெரிந்த தகடு பதிவு செய்திருக்கிறது. அவர் இதை அறிந்திருப்பார், விளக்கியும் இருப்பார்.

கொழுப்பமிலம்

ஊசல் சோதனையைச் சொல்லி என்னை யோசிக்க வைத்துவிட்டீர்கள், வெள்ளிஉப்பு. இன்னொன்றும் சேர்க்கிறேன். ஒரு பொருள் தூய்மையானதா என்று எப்படித் தெரியும்? இவர் கிடைத்த அமிலத்தை ஆல்கஹாலில் கரைத்துப் படிகமாக்குவார். உருகும் வெப்பநிலையைக் குறிப்பார். மறுபடி கரைப்பார், மறுபடி படிகமாக்குவார், மறுபடி குறிப்பார். எண் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். நின்றால்தான் தூய்மை. இன்றைக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வகத்தில் நாங்கள் கற்றுத்தரும் உருகுநிலைச் சோதனைக்கு இவர்தான் முன்னோடி.

இவ்வளவு கவனமும் ஓரிடத்தில் எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் மார்கரிக் அமிலம் என்று தனிப் பெயர் வைத்தது, ஸ்டியரிக்கும் பால்மிட்டிக்கும் கலந்த கலவை என்று 1850-களில் ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ட்ஸ் காட்டினார். ஷெவ்ரல் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தார். நதாரின் கையெழுத்து ஏட்டில் அவர் எழுதிக்கொடுத்தது எது என்று படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தத்துவ அறிஞர் மால்பிரான்ஷின் வாக்கியம். பிழையின்மையை நோக்கி முயன்றுகொண்டே இரு, அதை அடைந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளாதே என்ற கருத்து.

ஆய்வகச் சாமான் இல்லையே என்ற குறை எனக்கு இன்னும் தீரவில்லை. ஒரு மெழுகுவத்தியாவது மேசைமேல் இருந்திருக்கலாம். சக வேதியியலாளர் கே-லுசாக்கோடு சேர்ந்து 1825-இல் ஸ்டியரிக் அமில மெழுகுவத்திக்கு உரிமம் வாங்கியவர் அல்லவா! விலங்குக் கொழுப்பு வத்தி சீக்கிரம் இளகும், புகையும், நாறும். ஸ்டியரிக் அமிலம் சுமார் 70 டிகிரி வரை தாங்கும், சுத்தமாக எரியும். அந்த உரிமத்தால் இவர்களுக்கு லாபம் வரவில்லை. 1830-களில் தெ மில்லி அதைத் தொழிலாக்கினார். ஆனாலும் பாரிஸ் வீடுகளின் இரவு வெளிச்சத்தை மாற்றியது இவருடைய வேதியியல்.

நாலாம்பக்கம்

மெழுகுவத்தி வைத்திருந்தால் அது விளம்பரப் படமாகியிருக்கும் ஐயா. அந்த விஷயத்தில் நான் வெள்ளிஉப்பு பக்கம்.

அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவரை இதழ்களில் புகைப்படம் வருவதென்றால், மரக்கட்டையில் செதுக்குபவர் படத்தைப் பார்த்து வெட்டுவார். முகத்தின் கடைசிக் கோடு செதுக்குபவருடையது. புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் முறை 1880-களில்தான் பத்திரிகைக்குள் நுழைந்தது. ஷெவ்ரல் படங்கள் அந்த முறையில் வந்ததால், இடையில் செதுக்குபவர் இல்லாமல் தகட்டில் விழுந்த கையே வாசகர் கைக்குப் போயிற்று. வரிசையாக வைத்ததும் முக்கியம். ஒரு படம் என்றால் உருவப்படம். பத்துப் படங்களைப் பேச்சோடு அடுக்கினால் வாசகர் கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, நடுவிலிருக்கும் அசைவைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் வாசகங்களைக் கோத்தது யார் என்று கேட்டேன். அந்தக் கோவைதான் இங்கே பாதி வேலை செய்கிறது, அதைச் செய்தவருக்கும் பெருமை சேர வேண்டும்.

சாயப்பட்டறை

நல்ல அச்சில் இவற்றைப் பார்க்க எங்கே போவது?

வெள்ளிஉப்பு

பிரான்சின் தேசிய நூலகத்தில் நதார் ஸ்டூடியோ சேகரிப்பு பெரிய அளவில் இருக்கிறது. அவர்களுடைய மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள்.

முடிப்பதற்கு முன்னால், புகைப்படத்துக்கும் ஷெவ்ரலுக்கும் இருந்த இன்னொரு உறவு. முதல் புகைப்படத்தை எடுத்த நியெப்ஸின் உறவினர் நியெப்ஸ் த சென்-விக்தோர் 1850-களின் இறுதியில் யுரேனிய உப்புகளோடு சோதனை செய்துகொண்டிருந்தார். அந்த உப்பு தோய்ந்த தாள், இருட்டிலும்கூட ஒளியுணர் தாளைக் கறுக்கவைத்தது. அந்தக் கட்டுரைகளை அறிவியல் கழகத்தில் எடுத்து வைத்தவர் ஷெவ்ரல். இது சாதாரணக் கண்டுபிடிப்பு இல்லை என்று அப்போதே அழுத்திச் சொன்னவரும் அவரே. காரணம் என்னவென்று அன்று யாருக்கும் பிடிபடவில்லை. 1896-இல் ஆன்ரி பெக்கெரல், ஷெவ்ரல் இயக்குநராக இருந்த அதே அருங்காட்சியகத்தில், கறுப்புத் தாளில் சுற்றிய தகட்டின்மேல் யுரேனிய உப்பை வைத்துக் கதிரியக்கத்தைக் கண்டார்.

கொழுப்பமிலம்

இதற்குத் தனி இழையே வேண்டும். நியெப்ஸ் த சென்-விக்தோர் கண்டது கதிரியக்கம்தானா, இல்லை உப்பு சேமித்து வைத்திருந்த ஒளியா என்பதில் அன்றே குழப்பம் இருந்தது. வேதியியல் பிரிவில் தொடங்குகிறேன். இருட்டறை, தகடு சம்பந்தமான கேள்விகளுக்கு நீங்கள் அங்கே வந்தாக வேண்டும்.

இருட்டறை

வருகிறேன் சார். யுரேனியம் நைட்ரேட்டில் படம் அச்சிடும் முறை ஒன்றும் இருந்தது, அதையும் சேர்த்துப் பேசலாம்.